டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6: ரவுட்டர் மேல கோவப்படுறதுக்கு முன்னாடி மோடத்தப் பாருங்க

மொதல்லயே சொல்லிர்றேன், ரவுட்டர் நல்ல ரவுட்டர். வாங்குறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல ரிவ்யூ படிச்சா ஒரு கூட்டம் அஞ்சு ஸ்டார் போட்டு கொண்டாடுது, இன்னொரு கூட்டம் ஒரு ஸ்டார் போட்டு "மாட்டுனேன், வைஃபை ஃபுல்லா காட்டுது, நெட் வரல, டப்பா பீஸு, ரிட்டர்ன் போட்டேன்"னு எழுதி வச்சிருக்கு. அந்த ஒரு ஸ்டார் ஆளுங்க எழுதுனத பொறுமையா படிச்சா முக்காவாசி ரவுட்டர் பத்தின புகாரே இல்ல, அதுக்கு முன்னாடி செவத்துல தொங்குற மோடம் பத்தின புகாரு. பாவம் ரவுட்டர் அடி வாங்குது. எனக்கும் அதே மாதிரிதான் நெட் வராம நின்னுச்சு, ஆனா ரிட்டர்ன் போடல, அதனால இந்த ரிவ்யூ கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

நம்ம வீடு மதுரை திருநகர். ஏரியாவுல கேபிள் டிவி போடுறவங்களே ஃபைபர் லைனும் குடுக்குறாங்க, பேரு வேணாம், நாளைக்கும் அவங்க மூஞ்சில முழிக்கணும். மாடிப்படி பக்கத்துல அவங்க குடுத்த மோடம், ஓஎன்டின்னு சொல்வாங்க, மஞ்ச வயரு அதுலதான் வந்து சொருகும். அதுலருந்து லேன் கேபிள் ஹாலுக்கு வரும், ஹால்ல ரவுட்டர். பழைய ரவுட்டர் கோடை மழையில இடி விழுந்த அன்னைக்கு செத்துப் போச்சு. இடி இடிச்சா நம்மாளுக ஓடிப்போயி மஞ்ச வயர உருவுறாங்க, அது கண்ணாடி இழை, அதுல கரண்டே வராது, அடி பெரும்பாலும் அடாப்டர் வழியாத்தான் வரும், ப்ளக்க உருவுங்க.

சரி, டவுன்ஹால் ரோட்டுல ஒரு கடையில சி6 எடுத்தேன், ரெண்டாயிரத்து சொச்சம். ஆன்லைன்ல கொஞ்சம் கம்மியா கெடச்சிருக்கும், ஆனா கடைக்கார அண்ணன் பில்லு போடுறதுக்கு முன்னாடி "மோடம் பிரிட்ஜ்ல இருக்கா, ரவுட்டர் மோடுலயா தம்பி?"ன்னு கேட்டாரு பாருங்க, அந்த ஒரு கேள்விக்கே அந்த வித்தியாசக் காசு தகும். பிரிட்ஜ்னா மோடம் வெறும் பைப்பு, லாகின் ரவுட்டர்தான் பண்ணணும்; ரவுட்டர் மோடுன்னா லாகின் மோடமே பாத்துக்கும். தெரியலண்ணேன்னு சொன்னதுக்கு, "லேப்டாப்ப நேரா மோடத்துல சொருகுங்க, நெட் வந்துச்சுன்னா மோடம் ரவுட்டர் மோடு, சும்மா சொருகி விட்ருங்க இதுவும் வேலை செய்யும். நெட் வராம 169.254-னு ஆரம்பிக்கிற ஐபி, அதான் நெட்வொர்க்குல கருவிக்கு உள்ள நம்பர், காட்டுச்சுன்னா பிரிட்ஜ், யூசர்நேம் பாஸ்வேர்டு வாங்கி வச்சுக்கிட்டு அப்புறம் மாட்டுங்க"ன்னாரு. ரொம்பத் தெளிவான ஆளு. பெட்டிய பிரிச்சு போர்ட்டக் கூட காட்டுனாரு, அஞ்சு போர்ட்டுல ஒண்ணு மட்டும் கலர் மாறி தனியா இருக்கும், மோடத்துலருந்து வர்ற வயரு அதுலதான் போகணும், மத்த நாலுல எதுல போட்டாலும் வெளங்காது.

வீட்டுக்கு வந்து மாட்டுனா இன்டர்நெட் லைட்டு ஆரஞ்சுல நிக்குது. ஆரஞ்சுன்னா கேபிள் சேந்துருச்சு, நெட் வரலன்னு அர்த்தம், பச்சை ஆகணும். ஃபோன்ல வைஃபை ஃபுல் கட்டை, கீழ "இன்டர்நெட் இல்லை". இங்கதான் அந்த ஒரு ஸ்டார் கூட்டம் பெட்டிய மூடி ரிட்டர்ன் போடுது. வைஃபைங்கிறது ஃபோனுக்கும் ரவுட்டருக்கும் நடுவுல உள்ள சோலி, நெட்டுங்கிறது ரவுட்டருக்கு அங்கிட்டு உள்ள சோலி, மொதல்ல உள்ளது ஃபுல்லா இருந்தாலே ரவுட்டர் அது வேலையப் பாத்துக்கிட்டுதான் இருக்கு.

அடுத்து மோடத்து லைட்டு. பான் (PON)னு போட்டிருக்கிற லைட்டு பச்சையா அசையாம எரியணும், எல்ஓஎஸ்னு போட்டது அணைஞ்சு இருக்கணும். எல்ஓஎஸ் செவப்பா மின்னுச்சுன்னா ஒளியே வந்து சேரல, மாடிக்கு மேல எங்கயோ வயரு மடங்கிருக்கும், இல்ல அணில் கடிச்சிருக்கும், திருப்பரங்குன்றம் மலைப் பக்கம் வீடுன்னா குரங்கு ஊஞ்சல் ஆடிருக்கும், அப்ப ரவுட்டர ஆயிரம் தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் ஒண்ணும் நடக்காது, லைன்மேன்தான் வரணும். எனக்கு பான் பச்சை, எல்ஓஎஸ் இல்ல. அப்ப லைன் வீடு வரைக்கும் வந்துருச்சு.

லேப்டாப்ப மோடத்துல நேரா சொருகுனேன். 169.254. கடைக்கார அண்ணன் சொன்னது அப்படியே. யாருமே ஐபி குடுக்கலன்னா கம்ப்யூட்டர் தானா ஒரு நம்பர் வச்சுக்கும், அதுதான் இது. ஆக மோடம் பிரிட்ஜ்ல இருக்கு, வெறும் பைப்பு, உள்ள லாகின் பண்றது ரவுட்டரோட வேலை, பிபிபிஓஇன்னு சொல்வாங்க. பழைய ரவுட்டருக்குள்ள அந்த யூசர்நேம் பாஸ்வேர்ட லைன் போட வந்த பையன் அடிச்சு விட்டுட்டுப் போயிருக்கான், அது செத்ததோட சேந்து அதுவும் போச்சு.

லைன்மேனுக்குப் போன் போட்டா "அதெல்லாம் ஆஃபீஸ்லதாண்ணே கேக்கணும்". ஆஃபீஸுக்குப் போட்டா "லைன்மேன்ட்ட இருக்கும் சார்". இப்படி அங்கிட்டும் இங்கிட்டும் அலைய விட்டு சாயங்காலமா ஒரு மேடம் எடுத்து பொறுமையா எழுத்துக்கு எழுத்து சொன்னாங்க, அவங்களுக்கு நன்றி. ரவுட்டர் செட்டிங் பேஜ் டிபிலிங்க்வைஃபை டாட் நெட்னு அடிச்சா வரும், இல்ல 192.168.0.1, நெட் இல்லாட்டியும் இது தொறக்கும். அதுல இன்டர்நெட் டைப் டைனமிக் ஐபின்னு இருக்கும், அத பிபிபிஓஇ ஆக்கி ரெண்டையும் போட்டேன். அப்பவும் ஆரஞ்சு.

இங்கதான் லேப்டாப் உபயோகமாச்சு. விண்டோஸ்லயே பிராட்பேண்ட் கனெக்‌ஷன் உண்டாக்கி நேரா டயல் பண்ணலாம், அது எரர் நம்பரோட காரணம் சொல்லும். 651 வந்தா அந்தப் பக்கத்துலருந்து பதிலே இல்ல, ஒண்ணு வயரு கோளாறு, இல்லாட்டி லைன் கோளாறு. 691 வந்தா பதில் வருது, ஆனா உன்னை உள்ள விடமாட்டேன்னு சொல்லுது. எனக்கு 691. அப்ப ரவுட்டர் மேல சந்தேகமே வேணாம், லேப்டாப்பையும் அவன் விடல. கஸ்டமர் கேர்ல இத சொல்றேன், "ரவுட்டர் ஃபால்ட் சார், எங்ககிட்டயே ரவுட்டர் இருக்கு, வாங்கிக்கிறீங்களா"ன்னு கேக்குறாங்க. ஏங்க, ரவுட்டரே இல்லாம லேப்டாப்ல வருதுங்க 691!

பாஸ்வேர்டு சரி, பில்லு கட்டியாச்சு, பழைய செஷன், அதாவது முன்னாடி பண்ண லாகின், மூடாம தொங்கிட்டு இருக்கும்னு ராத்திரி பூராம் எல்லாத்தையும் ஆஃப் பண்ணி வச்சும் பாத்தாச்சு. மிச்சம் இருந்தது மேக் பைண்டிங். ஒவ்வொரு கருவிக்கும் பன்னெண்டு எழுத்துல ஒரு மேக் அட்ரஸ் இருக்கும், சில ஆபரேட்டருங்க மொதல்ல லாகின் ஆன கருவியோட மேக்க கணக்கோட சேத்துக் கட்டிப் போட்ருவாங்க, வேற கருவியில சரியான பாஸ்வேர்டு போட்டாலும் 691தான். செத்த ரவுட்டர் பழைய சாமான் பையில கெடந்துச்சு, தூசி தட்டி, பின்னாடி ஸ்டிக்கர ஃபோன் டார்ச் அடிச்சுப் பாத்தா எட்டா பியான்னு தெரியாத அளவுக்கு மங்கல். ஒரு வழியா படிச்சு சி6-ல மேக் குளோன்ங்கிற எடத்துல போட்டேன். வரல. அப்புறம்தான் விஷயம், ஸ்டிக்கர்ல அடிச்சிருக்கிறது ரவுட்டரோட லேன் பக்கத்து மேக், நெட் பக்கத்துக்கு நிறைய ரவுட்டர்ல கடைசி எழுத்து ஒண்ணு கூடி இருக்கும். கடைசில இருந்த 4-ஐ 5 ஆக்கி சேவ் குடுத்தேன், லைட்டு பச்சை. அந்தப் பச்சைய பாத்து அம்மா "வந்துருச்சா, சீரியல் போடு"ன்னாங்க, அவ்வளவுதான் நம்ம உழைப்புக்கு மரியாதை. அப்புறமா ஆஃபீஸ்ல சொல்லி அந்தக் கட்ட எடுக்க வச்சுட்டேன், சொன்னா எடுக்குறாங்க, சொல்ற வரைக்கும் அப்படி ஒண்ணு இருக்குன்னு வாய தொறக்க மாட்டேங்கிறாங்க, எனக்கு எரிச்சலே அதான்.

உங்க மோடம் ரவுட்டர் மோடுல இருந்தா இவ்வளவு பாடு இல்ல, டைனமிக் ஐபில விட்டா வந்துரும். வரலன்னா ஸ்டேட்டஸ் பேஜ்ல இன்டர்நெட் ஐபி என்னன்னு பாருங்க. 0.0.0.0-ன்னா மோடம் ஐபியே குடுக்கல, ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு மோடத்த மட்டும் மொதல்ல போட்டு, பான் லைட்டு நின்னதுக்கு அப்புறம் ரவுட்டரப் போடுங்க, இந்த வரிசை முக்கியம். அப்பவும் இல்லன்னா மோடத்துல வேற போர்ட்டுக்கு மாத்துங்க, சில மோடத்துல ஒரு போர்ட்ட டிவி பாக்ஸுக்குன்னு ஒதுக்கி வச்சிருப்பாங்க. ஐபி நல்லா வந்தும் நெட் இல்லன்னா ரெண்டுமே 192.168.1.1-ல உக்காந்திருக்கான்னு பாக்கணும், ரெண்டு பெட்டிக்கும் ஒரே நம்பர் வரிசைன்னா டேட்டா எங்கிட்டுப் போறதுன்னு தெரியாம முழிக்கும். சி6 இத அதுவா கண்டுபிடிச்சு தன் நம்பர மாத்திக்கும், வேற கம்பெனி ரவுட்டர்ல நீங்கதான் 192.168.2.1-னு ஏதாவது மாத்தணும்.

ரெண்டு பெட்டியும் ரவுட்டர் வேலை பாத்தா டபுள் நாட்டுன்னு ஒண்ணு வரும், ஒரே வீட்டு வாசல்ல ரெண்டு வாட்ச்மேன் மாதிரி, வெளிய போறதுக்குப் பிரச்சனை இல்ல, வெளியருந்து வர்றவன் ரெண்டு பேருகிட்டயும் சொல்லணும். யூடியூப், ஜூம் எல்லாம் ஓடும், ஆன்லைன் கேமும் சிசிடிவிய வெளியருந்து பாக்குறதும்தான் மல்லுக்கட்டும். அதுக்கு சி6-ல ஆக்சஸ் பாயிண்ட் மோடு இருக்கு, அதுல போட்டா ரவுட்டர் வேலைய மோடம் பாக்கும், இது வைஃபை மட்டும் பரப்பும். ஆனா கடைக்கு கேமரா வச்சு வீட்டுலருந்து பாக்கணும்னு போர்ட் ஃபார்வர்டு, அதாவது வெளியருந்து வர்றத கேமராவுக்குத் திருப்பி விடுற செட்டிங், போட்டு மண்டைய உடைக்கிறவங்க ஒண்ணு பாத்துக்கங்க, லைன்ல லாகின் ஆகுற பெட்டியில, அது மோடமோ ரவுட்டரோ, இன்டர்நெட் ஐபி 100.64-லருந்து 100.127-க்குள்ள இருந்துச்சுன்னா ஆபரேட்டரே தெரு பூராத்துக்கும் ஒரு ஐபிய பங்கு போட்டுக் குடுக்குறான், நீங்க என்ன ஃபார்வர்டு போட்டாலும் வராது, ஸ்டாட்டிக் ஐபி, அதாவது உங்களுக்குன்னே உள்ள மாறாத ஐபி, காசு குடுத்து வாங்கணும், இல்ல கேமரா கம்பெனியோட கிளவுட் ஆப்லதான் பாக்கணும்.

இன்னொண்ணு, எந்தக் கோவத்துலயும் மோடத்தோட ரீசெட் ஓட்டையில குண்டூசி வைக்காதீங்க. ரவுட்டர்ல வைக்கலாம், திரும்ப செட் பண்ணிக்கலாம். மோடத்துல வச்சா ஆபரேட்டர் அவங்க லைனுக்குன்னு போட்ட விஎல்ஏஎன் (VLAN) செட்டிங் எல்லாம் அழிஞ்சு போகும், அப்புறம் லைன்மேன் வர்ற வரைக்கும் ஃபோன் டேட்டாதான்.

ஸ்பீடுக்கு வருவோம். பிளான் 200 எம்பிபிஎஸ், ஸ்பீடு டெஸ்ட்ல 94க்கு மேல ஏறல. 94, 95-ல போயி நின்னாலே நடுவுல எங்கயோ 100 எம்பிபிஎஸ் லிங்க்னு கண்ண மூடிக்கிட்டு சொல்லலாம். சி6-ல அஞ்சு போர்ட்டுமே கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், நம்ம மோடத்துல முதல் போர்ட்டு மட்டும்தான் கிகாபிட், மத்ததெல்லாம் 100. முதல் போர்ட்டுக்கு மாத்தியும் ஏறல, அப்புறம் பாத்தா லைன் போட்ட பையன் கேபிள்ல எட்டு வயர்ல நாலத்தான் கிரிம்ப் பண்ணிருக்கான், 100க்கு நாலு போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேணும். புது கேட்-6 கேபிள் போட்டதும் பிளான் ஸ்பீடு முழுசா வந்துச்சு.

வைஃபை எப்படின்னா, ஹால்லயும் பக்கத்து ரூம்லயும் 5 கிகாஹெர்ட்ஸ் பறக்குது, ரெண்டு செவரு தாண்டுனா பைய எறங்கி 2.4க்கு வந்துரும், அந்தக் காலத்து கனத்த செங்கல் செவரு வீடுன்னா பெருசா எதிர்பாக்காதீங்க. மொட்டை மாடிக்கு வராது. பெட்டியில ஏசி1200-னு போட்டிருக்கிறது 5-ல 867, 2.4-ல மிச்சம், ரெண்டையும் கூட்டி அடிச்ச விளம்பர நம்பர், ஒரு ஃபோன்ல அது வரவே வராது. யுஎஸ்பி போர்ட்டு கெடையாது. வைஃபை 5 வரைக்கும்தான், 6 இல்ல, 300க்கு மேல பிளான் எடுக்குறவங்க இன்னும் கொஞ்சம் காசு போட்டு 6 உள்ளத எடுத்துருங்க. 200க்குள்ள உள்ள வீட்டுக்கு இதுவே தாராளம், வெயில் கொளுத்துற மாசத்துலயும் ஹேங் ஆகல.

ரவுட்டருக்கு நாலு ஸ்டார், கடைக்கார அண்ணனுக்கு அஞ்சு, ஆபரேட்டருக்கு ஒண்ணு, அதுவும் அந்த மேடத்துக்காக. மினி யூபிஎஸ் வாங்குறவங்க ரெண்டு அவுட்புட் உள்ளதா வாங்குங்க, ரவுட்டருக்கு மட்டும் போட்டுட்டு மோடத்த விட்டா மாசாந்திர பவர்கட்டு அன்னைக்கு வைஃபை ஃபுல்லா காட்டும், நெட் வராது, அதுக்கும் ஒரு ஸ்டார் போட்ருவீங்க.