சோலைமந்தியின் மலத்துக்கு எந்த மார்க்கர்?

வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கும் காடுகளில் சோலைமந்தியை, அதாவது சிங்கவால் குரங்கை, பிடித்து ரத்தம் எடுப்பதெல்லாம் நடக்கிற காரியமில்லை. கைக்குக் கிடைப்பது மலம்தான். அதில் பெரும்பகுதி பாக்டீரியாவின் டி.என்.ஏ.; குரங்குடையது சொற்பம், அதுவும் சிதைந்தது. அதை வைத்துக் குரங்குகளை எண்ணவும் உறவு பார்க்கவும் டி.என்.ஏ.வில் வேறுபாடு காட்டும் ஓர் அடையாள இடம், அதாவது மார்க்கர், வேண்டும்.

மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆற்றல் தரும் உறுப்பு) டி.என்.ஏ. மலிவு. செல்லுக்கு நூற்றுக்கணக்கில் பிரதிகள் இருப்பதால் பழைய மாதிரியிலும் சிக்கிவிடும். ஆனால் தாய்வழி மட்டுமே காட்டும். சோலைமந்தியில் பெண் பிறந்த கூட்டத்திலேயே தங்கும், ஆண்தான் வெளியேறும். ஆண்கள் காடு மாறிப்போய் மரபணுவைக் கலந்துகொண்டிருந்தாலும், இதை மட்டும் பார்த்தால் கூட்டங்கள் அறுந்துபோனதாகவே தெரியும். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கா, தெற்கா என்று பூர்வீகம் பார்க்கலாம். தலை எண்ண உதவாது.

தலை எண்ணவும் தந்தையைக் கண்டுபிடிக்கவும் மைக்ரோசாட்டிலைட்: சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. இடம்; எத்தனை முறை திரும்புகிறது என்பது குரங்குக்குக் குரங்கு மாறும். மனிதருக்கு வடிவமைத்த பிரைமர்கள் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) பல இதிலும் வேலை செய்யும். நான்கெழுத்துத் திரும்பல் உள்ளவையாக 10, 12 இடங்கள் எடுங்கள்; ஈரெழுத்தில், உண்மை அளவுக்குப் பக்கத்தில் பொய்யாகத் தோன்றும் நிழல் கோடுகள் படுத்தும். பெரிய தொல்லை, ஓர் இடத்தில் தாயும் தந்தையும் தந்த இரு வடிவங்களில் (அல்லீல்) ஒன்று விடுபடுதல்: 150, 158 எழுத்து நீள அல்லீல் இரண்டும் உள்ள குரங்கு வெறும் 150 ஆகத் தெரியும். ஒரே குரங்கின் இரண்டு மாதிரி இரண்டு குரங்காகி, எண்ணிக்கை ஊதிப்போகும். அதனால் ஒவ்வொரு அல்லீலையும் குறைந்தது இரு முறை பார்த்த பிறகே எழுதுங்கள். ஒற்றை அல்லீல் மட்டும் வந்தால், டி.என்.ஏ. குறைந்த மாதிரியில் 7 முறை வரை பி.சி.ஆர். (டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் முறை) ஓட்ட வேண்டியிருக்கும். செலவு ஏறுவது இங்கேதான்.

மூன்றாவது மார்க்கர் எஸ்.என்.பி.; டி.என்.ஏ.வில் ஒற்றை எழுத்து மட்டும் மாறும் இடம். இதற்கு 60–100 எழுத்து நீளத் துண்டே போதும். சிதைந்த மாதிரிக்கு அது பெரிய வசதி. எந்த ஆய்வகத்தில் படித்தாலும் 'ஏ' என்ற எழுத்து 'ஏ'-தான். மைக்ரோசாட்டிலைட் அளவோ இயந்திரத்துக்கு இயந்திரம் ஓரிரு எழுத்து நகரும். ஆனால் ஓர் இடத்தில் இரண்டே அல்லீல் என்பதால் பல பத்து இடங்கள் வேண்டும். அவற்றை ஒரே மலைப்பகுதியின் நாலைந்து குரங்குகளிலிருந்து பொறுக்கினால், மற்ற மலைக் கூட்டங்களில் வேற்றுமை பொய்யாகக் குறைந்து தெரியும். ஒரு பருவக் கணக்கெடுப்புக்கு இந்த முன்வேலை கட்டாது. பத்தாண்டுக் கண்காணிப்பு என்றால் தயங்காமல் இதுதான்.

எதை எடுத்தாலும் சேகரிப்பு ஒன்றே. காலையில் விழுந்த புதுமலத்தின் மேல்பரப்பை மட்டும் சுரண்டுங்கள். குடல் செல்கள் ஒட்டியிருப்பது அங்கேதான். அடர் எத்தனாலில் 24 மணி நேரம், பிறகு சிலிக்கா ஜெல். மழையில் நனைந்ததை விட்டுவிடுங்கள். கையுறை மறந்தால் மனித டி.என்.ஏ.வும் அதே பிரைமரில் பெருகும். சேகரித்தவரின் உமிழ்நீரையும் ஒரு குழாயில் ஓட்டி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.