நேரப்பூட்டு டப்பா: பெண்கள் விடுதியில் நான்கு மாதம்

பார்வைக்கு அது அடுக்களையில் பருப்பு கொட்டி வைக்கும் பிளாஸ்டிக் டப்பாவைப் போலத்தான் இருக்கிறது. மூடியின் நடுவில் ஒரு திருகு குமிழும், அதன்மேல் நேரத்தைக் காட்டும் சிறிய எண்திரையும் உண்டு. குமிழைத் திருப்பி நேரத்தை வைத்து ஒருமுறை அழுத்தினால், ஐந்திலிருந்து ஒன்று வரை எண்ணிவிட்டு, உள்ளே இருக்கும் சிறு மோட்டார் கிர்ரென்று சுழன்று மூடியைப் பூட்டிவிடுகிறது. எண்ணி முடிவதற்குள் மனம் மாறினால் மறுபடி அழுத்தி நிறுத்திக்கொள்ளலாம். அதற்குப் பிறகு சாவியும் கிடையாது, கடவுச்சொல்லும் கிடையாது; வைத்த நேரம் தீரும் வரை டப்பா திறக்காது. அமெரிக்காவில் இவ்வகை டப்பா முதலில் தின்பண்டத்தைப் பூட்டி வைக்கத்தான் விற்பனைக்கு வந்தது. 'கிச்சன் சேஃப்' என்று அதற்கு வைத்த பெயரே அதைச் சொல்லும். கைப்பேசியைப் பூட்டி வைக்க நான் வாங்கியது அதைப் பார்த்துச் செய்த பல மலிவு டப்பாக்களில் ஒன்று. இணையத்தில் 1,340 ரூபாய் கொடுத்தேன்.

நான் தென்மாவட்டத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொருளியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவள். ஆய்வேட்டின் மூன்றாம் இயல் ஏழு மாதமாக ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. என் கைப்பேசி தரும் வாராந்திரப் பயன்பாட்டுக் கணக்கு நாளொன்றுக்கு 6 மணி 50 நிமிடம் என்று காட்டியது. அதில் பாதிக்கு மேல் குறுங்காணொளிகள். கொரிய ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஸ்மார்ட்போன் அடிமைத்தன அளவுகோலின் சுருக்க வடிவத்தை நானே நிரப்பிப் பார்த்தேன். பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஆறு வரை மதிப்பெண், பெண்களுக்கு 33, ஆண்களுக்கு 31 என்பது எச்சரிக்கைக் கோடு. எனக்கு 41 வந்தது. அந்தச் சுருக்க வடிவம் பள்ளி வயதினரை வைத்துச் சரிபார்க்கப்பட்டது என்பதையும், உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைப்படுத்தியுள்ள நோய்ப் பட்டியலில் டிஜிட்டல் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றிருக்கிறதே தவிர ஸ்மார்ட்போன் அடிமைத்தனம் என்று தனியாக ஒன்று இல்லை என்பதையும் நான் அறிவேன். ஆகவே என்னை நோயாளி என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் கை தானாகத் தலையணைக்கடியில் போய்த் துழாவுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

டப்பாவுக்கு முன்பு இலவசமாகக் கிடைப்பதையெல்லாம் செய்து பார்த்திருந்தேன். கூகுளும் ஆப்பிளும் 2018ஆம் ஆண்டிலேயே பயன்பாட்டு நேரத்தைக் கணக்கிடவும் கட்டுப்படுத்தவும் உரிய வசதிகளைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்துவிட்டன. கணக்குக் காட்டுவதில் அவை கெட்டி. ஆனால் நானே வைத்த வரம்பை நானே இரண்டு தட்டலில் நீக்கிவிட முடிகிறபோது, இரவு பதினொன்றரை மணிக்கு நீக்கத்தான் செய்கிறேன். பூட்டிய கையிலேயே சாவியும் இருக்கிறது. திரையைக் கறுப்பு வெள்ளையாக்கினேன். மூன்றாம் நாள் கறுப்பு வெள்ளையிலேயே சமையல் காணொளி பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறைத் தோழியிடம் கைப்பேசியை ஒப்படைத்து, மாலை வரை கேட்டாலும் தரக் கூடாது என்று சொல்லிவிட்டு, மதியமே போய்க் கேட்டு, அவள் தர மறுத்ததற்காக இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமலும் இருந்திருக்கிறேன். டப்பாவின் முதல் சிறப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதனிடம் கோபித்துக்கொள்ள முடியாது. கெஞ்சினாலும் அது இரங்காது.

எனினும் வாங்கிய முதல் வாரம் ஏமாற்றமாகவே கழிந்தது. தவறு என்னுடையது, ஒளி ஊடுருவும் டப்பாவை வாங்கி, அதை மேசைமேல் வைத்திருந்தேன். ஒவ்வொரு செய்தி வரும்போதும் உள்ளே திரை ஒளிர்ந்தது. அதிர்வு நிலையில் விட்டிருந்ததால், பிளாஸ்டிக் சுவரில் மோதிய கைப்பேசி தகரக் குவளையில் அகப்பட்ட வண்டு போல உறுமியது. கையில் இருக்கும்போது கேட்பதைவிட அந்த ஓசை பெரிது. யார் அனுப்பியிருப்பார்கள் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டால் பிறகு எதிரே விரிந்திருக்கும் அட்டவணையில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத்தான் சோதித்தது. மாணவர்களில் ஒரு சாரார் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார்கள், ஒரு சாரார் பையிலோ சட்டைப்பையிலோ வைத்துக்கொண்டார்கள், மற்றவர்கள் அடுத்த அறையில் விட்டுவிட்டு வந்தார்கள். எல்லாக் கைப்பேசிகளும் ஓசையின்றி இருந்தும், கவனமும் நினைவும் தேவைப்பட்ட சோதனைகளில் அடுத்த அறையில் விட்டுவந்தவர்களே மேசையில் வைத்திருந்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பின்னர் வேறு சிலர் அதே சோதனையைச் செய்தபோது எல்லோருக்கும் அதே முடிவு கிடைத்துவிடவில்லை. என் அறையைப் பொறுத்தவரை ஆஸ்டின் முடிவே சரியாக இருந்தது. ஒலி, அதிர்வு இரண்டையும் நிறுத்தி, டப்பாவை இரும்பு அலமாரியின் அடித்தட்டில் போர்வைக்குப் பின்னால் தள்ளி வைத்த நாளிலிருந்துதான் அது வேலை செய்யத் தொடங்கியது. வாங்க நினைப்பவர்கள் ஒளி புகாத டப்பாவைத் தேடி வாங்குவது நல்லது.

இன்னொரு கோளாறு, பக்கவாட்டில் சார்ஜர் கம்பி நுழைவதற்காக விடப்பட்டிருக்கும் துளை. விற்பவர்கள் இதை ஒரு வசதியாக விளம்பரப்படுத்துகிறார்கள். எங்கள் தளத்தில் இருக்கும் முதுகலை மாணவி ஒருத்தி தேர்வுக் காலத்தில் டப்பாவை இரவல் வாங்கிப் போனாள். இரண்டாம் நாள் அவள் அறைக்குப் போனபோது, காது குடையும் பஞ்சுக்குச்சியைத் தண்ணீரில் நனைத்து அந்தத் துளை வழியே விட்டு, உள்ளிருந்த கைப்பேசியின் திரையை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். தொடுதிரை ஈரப்பஞ்சை விரல் என்றே எடுத்துக்கொள்கிறது என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். "ரெண்டே ரெண்டு ரீல்தாங்க்கா" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். துளையை நான் இப்போது அகலமான ஒட்டுநாடாவால் அடைத்துவிட்டேன்.

அவளைக் குறை சொல்வதற்கும் இல்லை. 2020ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் டிக்டாக் தடைசெய்யப்பட்டு, அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸும், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இந்தியாவுக்கு வந்தபோது அவள் பள்ளி மாணவி. ஊரடங்கில் வகுப்பே கைப்பேசிக்குள் நடந்த காலம் அது. பாடம் கேட்ட திரையும் ரீல்ஸ் பார்த்த திரையும் ஒன்றே. எங்கள் வயதுக்காரர்களுக்கு 2016இல் ஜியோ வந்து தரவு விலை சரிந்த பிறகுதான் இந்தப் பழக்கம் தொடங்கியது என்பதால், அதற்கு முந்தைய மாலைப்பொழுதுகள் எப்படி இருந்தன என்ற நினைவாவது மிச்சம் இருக்கிறது. அடியே இல்லாமல் நீண்டுகொண்டே போகும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஆசா ராஸ்கின், அதற்காகத் தாம் வருந்துவதாகப் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். டப்பா அப்படிப்பட்ட பக்கத்துக்கு வெளியிலிருந்து ஒரு முடிவு வைக்கிறது.

இனி, இந்த டப்பாவைப் பற்றி விற்பனைப் பக்கத்தில் காணக் கிடைக்காத ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகமே கைப்பேசிக்குள்தான் இருக்கிறது. துறைச் சுற்றறிக்கை வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. கட்டணம் கட்ட, உதவித்தொகைப் பக்கத்தில் நுழைய, நூலகத்தின் மின்னிதழ்களை வெளியிலிருந்து திறக்க, எல்லாவற்றுக்கும் ஓடிபி வேண்டும். விடுதி வாசலில் தேநீர்க் கடை அண்ணனுக்குக் கூடப் பன்னிரண்டு ரூபாயை ஸ்கேன் செய்துதான் கொடுக்கிறோம், அவரிடம் சில்லறை இருப்பதில்லை. கைப்பேசியை விடு என்று கருத்தரங்கில் அறிவுரை சொல்லும் அதே நிர்வாகம், கருத்தரங்கு இடம் மாறிய செய்தியைக் கைப்பேசியில்தான் அனுப்புகிறது.

டப்பா வந்த மூன்றாம் வாரம், பகல் பன்னிரண்டு மணிக்கு ஐந்து மணிநேரம் வைத்துப் பூட்டிவிட்டு உட்கார்ந்தேன். அன்று எழுதியது நன்றாகவே வந்தது. மணி ஐந்துக்கு மூடி திறந்தபோது, நான்கு மணிக்கு ஆய்வுக் குழுக் கூட்டம், தவறாமல் வரவும் என்று இரண்டரை மணிக்கு அனுப்பப்பட்ட செய்தி காத்திருந்தது; எல்லோரும் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். மறுநாள் அலுவலகத்தில் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பு மட்டும் அறிவித்துவிட்டு ஒருவர் கட்டாயம் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது, அவர் எந்நேரமும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருப்பார் என்ற நம்பிக்கையில்தான் முடியும் என்று அந்தக் கடிதத்தில் எழுதத் துணிவில்லை. உடல்நலக் குறைவு என்று எழுதினேன்.

அதே வாரத்தில் அம்மாவும் பயந்துபோனார். வழக்கமாக மதியம் பேசுபவர், பதினொரு முறை அழைத்தும் நான் எடுக்காமல் போகவே, தோழியின் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்துவிட்டார். "என்ன தாயி, மேலுக்குச் சரியில்லையா?" என்று அவர் கேட்டபோது, கைப்பேசியை டப்பாவுக்குள் போட்டுப் பூட்டியிருக்கிறேன் என்பதைச் சொல்லிப் புரியவைக்க நெடுநேரம் ஆனது. "பூட்டிட்டா அப்புறம் எதுக்கு அத்தன ரூவாய்க்குப் போன் வாங்குன?" என்ற அவருடைய கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

இரண்டு சிக்கலுக்கும் சேர்த்து நான் கண்ட வழி, ஒரு சாதாரண பட்டன் போன். சிம் கார்டை அதில் போட்டுவிட்டேன். அழைப்பும் ஓடிபியும் அதில் வருகின்றன. ஸ்மார்ட்போன் விடுதி வைஃபையில் மட்டும் இயங்கி, வேளை வந்தால் டப்பாவுக்குள் போகிறது. அவசரம் என்றால் அழையுங்கள், செய்தி அனுப்பினால் மாலையில்தான் பார்ப்பேன் என்று துறைத் தோழிகளிடம் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு எந்தக் கூட்டமும் தவறவில்லை. பணப் பரிமாற்றச் செயலிகள் சிம் வேறு கருவியில் இருந்தால் முரண்டு பிடிக்கக்கூடும் என்பதால், தேநீருக்கென்று இருநூறு ரூபாய்க்குச் சில்லறை மாற்றி வைத்துக்கொள்கிறேன். மணி பார்ப்பதற்கென்று கைப்பேசியை எடுத்து அப்படியே அரை மணி நேரம் தொலைந்துபோவது என் பழக்கம் என்பதால் 250 ரூபாய்க்கு ஒரு சுவர்க்கடிகாரமும் வாங்கினேன். ஆக, 1,340 ரூபாய் டப்பா உண்மையில் பட்டன் போனையும் சேர்த்து மூவாயிரத்தைத் தாண்டியது. மடிக்கணினியில் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் திறந்திருந்தால் இத்தனை ஏற்பாடும் வீண் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் இரண்டிலிருந்தும் வெளியேறி, கடவுச்சொல்லைத் தாளில் எழுதி டப்பாவுக்குள்ளேயே போட்டுவிடுகிறேன்.

எவ்வளவு நேரம் பூட்டுவது என்பதில் பேராசை கூடாது. ஐந்து மணிநேரம், எட்டு மணிநேரம் என்று வைத்த நாட்களில், திறந்தவுடன் பட்டினி கிடந்தவள் பந்தியில் உட்கார்ந்ததைப் போல நள்ளிரவு வரை பார்த்துத் தீர்த்திருக்கிறேன். இப்போது காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரை ஒருமுறை, இரவு பத்தரை முதல் காலை ஆறு வரை ஒருமுறை என்று இரண்டு வேளை மட்டுமே. இரவுப் பூட்டுத்தான் பெரிய பலன் தந்தது. படுக்கையில் கைப்பேசி இல்லாத முதல் நான்கைந்து இரவுகள் தூக்கம் வராமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன், பிறகு பதினொரு மணிக்கெல்லாம் கண்ணைச் சொக்கியது. வாராந்திரக் கணக்கு இப்போது 3 மணி 20 நிமிடத்தில் நிற்கிறது. அதற்குக் கீழே இறங்க மறுக்கிறது, நானும் விட்டுவிட்டேன். மூன்றாம் இயல் நெறியாளரிடம் போய்ச் சிவப்பு மையோடு திரும்பி வந்திருக்கிறது.

பொருளின் தரம் நடுத்தரமே. சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் சிறிய பேட்டரி மூன்று தேவை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது. பேட்டரி இறங்கினால் பூட்ட மறுக்கிறதே தவிர, பூட்டிய நிலையில் இதுவரை சிக்கிக்கொள்ளவில்லை. குமிழ் இப்போதே சற்று ஆடுகிறது. மூடியின் உட்புறத்தில் நான்கு திருகாணிகள் இருக்கின்றன, பூட்டியிருக்கும்போது அவை கைக்கு எட்டா. சுவரின் தடிமன் குறைவு. சுத்தியல் எடுக்கும் அளவுக்கு வெறி வந்தால் ஒரே அடி போதும். கைப்பேசியைப் பார்க்காவிட்டால் நெஞ்சு படபடப்பவர்கள், இரவு பகல் மாறி வகுப்புக்கே போகாமல் இருப்பவர்கள், வேறு ஏதோ துயரத்தை மறக்கக் கைப்பேசிக்குள் புகுந்தவர்கள் ஆகியோர் இதை வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் தனிச் சிகிச்சை மையம் இயங்குகிறது. 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலும் பேசலாம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். துளை இல்லாமல், ஒளி புகாத சுவரோடு வந்திருந்தால் நான்கு. பஞ்சுக்குச்சிக்காரி தனக்கென்று ஒன்று வாங்கப் போகிறாளாம். அதுவரை என்னுடையது வெள்ளிக்கிழமை தோறும் அவள் அறைக்குப் போய்த் திங்கட்கிழமை திரும்பி வருகிறது. போன வாரம் திரும்பி வந்தபோது ஒட்டுநாடாவின் ஒரு முனை லேசாகக் கிளம்பியிருந்தது.