வால் பிளாட்டர் கிட் வாங்கப் போறீங்களா, பெல்ட்டை அளந்துட்டு காசு குடுங்க

மக்களே, சுவத்துல ரெண்டு மூலையிலயும் மோட்டார் மாட்டி நடுவுல பேனாவை பெல்ட்ல தொங்கவிட்டு படம் வரையுற மெஷின் இருக்குல்ல, அதான் வால் (சுவர்) பிளாட்டர், அது செய்யலாம்னு ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடையில முழு செட்டா வாங்குனேன், ரெண்டு நெமா 17 சைஸ் ஸ்டெப்பர் மோட்டார், ஜிடி2ங்கற பல் வெச்ச பெல்ட், அது ஓடுற 20 பல் புல்லி, மெஷினை கண்ட்ரோல் பண்ற ஆர்டுயினோ போர்டு, மோட்டாருக்கு கரண்ட் குடுக்குற டிரைவர் எல்லாம். "அத்தனையும் புது பீஸ் சார், கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க"ன்னாரு கடைக்காரரு.

ஓடவிட்டா பாரதியார் தலைப்பாகை வரைக்கும் அழகா வந்துச்சு, மீசைக்கு வரும்போது ஒரு பக்க பெல்ட் டக்குனு பல் தாண்டி, அதுக்குக் கீழ முகமே கோணிப் போச்சு. டிரைவர் கரண்ட், ஸ்பீடு எல்லாம் நோண்டிப் பாத்தும் அதே கதைதான். சந்தேகம் வந்து பெல்ட்டை நீட்டி ஸ்கேல் வெச்சேன். ஜிடி2ன்னா பல்லுக்கு பல் 2 மிமீ, 100 பல்லுக்கு 200 வரணும், இது 203ஐ தாண்டுது. இது எம்எக்ஸ்எல்ங்கற வேற வகை பெல்ட்டுங்க, பல்லுக்கு பல் 2.032 மிமீ. ஜிடி2 பல் உருண்டையா இருக்கும், இதுல சரிவகமா தட்டையா இருக்கு. தனியா பாத்தா வித்தியாசமே தெரியாது, ஆனா புல்லில ஒழுங்கா உக்காராது, தொங்குற வெயிட்டுக்கு ஏறி வழுக்கும்.

சரி மோட்டாராவது உருப்படியான்னு பாத்தா ஷாஃப்ட்ல, புல்லியை இறுக்குற செட் ஸ்க்ரூ முன்னாடியே கடிச்ச பழைய தழும்பு. ஸ்டிக்கர்ல 1.7 ஆம்ப், மல்டிமீட்டர்ல காயில் 30 ஓம். 12 வோல்ட்ல 0.4 ஆம்ப்புக்கு மேல ஓடாது, அப்புறம் எங்கேர்ந்து இழுக்கும்? எதுலயோ கழட்டுன மோட்டாருக்கு புது ஸ்டிக்கர் ஒட்டிருக்காங்க. செகண்ட்ஸ்னு சொல்லி வித்தா தப்பே இல்ல, நானே நெறைய வாங்கிருக்கேன், புதுசு ரேட்டை வாங்கிட்டு இதை தலைல கட்டுனா கடுப்பாகாதா?

திருப்பிக் கொண்டு போனா "யூஸ் பண்ணிட்டீங்க, ரிட்டர்ன் கெடையாது"ங்குறாரு. பில்லுல "ஸ்பேர்ஸ்"னு ஒரே வார்த்தை, பெல்ட்னும் இல்ல மோட்டார்னும் இல்ல.

வாங்குறவங்க பில்லுல ஜிடி2ன்னும் மோட்டார் மாடல் நம்பரும் எழுதச் சொல்லுங்க, ஸ்கேலும் மல்டிமீட்டரும் கையோட கொண்டு போங்க, 1.5, 1.7 ஆம்ப் நெமா 17ன்னா காயில் சுமாரா ஒன்றரைலேர்ந்து மூணு ஓம்தான் காட்டணும், முப்பது காட்டுனா அப்படியே வெச்சிட்டு வந்துருங்க.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல கம்ப்ளெயின்ட் குடுத்தாச்சு. அதுக்கப்புறம் கடைக்காரரே போன் பண்ணி "பெல்ட்டை மாத்தித் தரேன், மோட்டார் பேச்சை விடுங்க சார்"ங்குறாரு. ரெண்டும் மாறாம கம்ப்ளெயின்டை வாபஸ் வாங்குறதா இல்ல.