மூன்று அழைப்புக் கடிதங்களும் பிரிக்பீல்ட்ஸ் மாடி அறையும்

கணிதத்தில் இளங்கலை முடித்த என் மகனுக்கு அமெரிக்காவில் முனைவர் பட்டப் படிப்புக்கு மூன்று இடங்கள் கிடைத்தன: புள்ளியியல், பொருளியல், உயிரிப்புள்ளியியல். மூன்றிலும் உதவித்தொகை உண்டு. அத்தகைய இடங்களுக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தருவதென்று அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டுள்ளன. மார்ச் முழுவதும் வீட்டில் வாக்குவாதம் ஓயாததால், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் மாடியில் இயங்கும் ஒரு கல்வி ஆலோசனை நிலையத்துக்குச் சென்றோம். இரண்டு சந்திப்புகளுக்கு 600 ரிங்கிட்.

நம்பிக்கையோடு போனேன் என்று சொல்ல மாட்டேன். கல்லூரிகளிடம் தரகு வாங்கிக்கொண்டு ஆள் சேர்த்துவிடும் இடமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் எங்களைச் சந்தித்த மூத்த ஆலோசகர், ஓய்வுபெற்ற விரிவுரையாளர், தரவரிசைப் பட்டியலைக் கையிலேயே எடுக்கவில்லை. புள்ளியியலில் ஒன்றும் பொருளியலில் ஒன்றுமாக இரண்டு ஆய்வுக் கட்டுரைகளைக் கொடுத்து, பென்சிலோடு படித்து அந்தத் தாள்களையே மறுநாள் கொண்டுவரச் சொன்னார். பொருளியல் கட்டுரை குறைந்தபட்சச் சம்பளத்தைப் பற்றியது. அதன் முன்னுரையில் மகன் ஒரு கோடுகூடப் போட்டிருக்கவில்லை. பின்னிணைப்பில் இருந்த நிரூபணத்தின் ஓரமெல்லாம் அவன் எழுத்து. தாள்களைப் புரட்டிய பெரியவர், "சம்பளம் ஏறுச்சா இறங்குச்சான்னு உங்களுக்குக் கவலையே இல்லையே, தம்பி" என்றார். ஒரு மாத வாக்குவாதத்தில் எங்களில் யாருக்கும் இது தோன்றவில்லை.

பிறகு அவர் விளக்கியதும் தெளிவாக இருந்தது. பொருளியலில் முதல் ஆண்டு நுண்பொருளியல், பேரினப்பொருளியல், பொருளளவியல் (பொருளாதாரத் தரவுகளுக்கான புள்ளியியல்) என்று கணிதமாகவே கழிவதால் கணித மாணவர்கள் மயங்கிவிடுகிறார்கள். ஆனால் அதன் பிறகு நாட்டையும் மக்களையும் பற்றிய கேள்வியைத் தாமே கண்டுபிடிக்க வேண்டும், கடைசியில் வேலைச் சந்தைக்குக் கொண்டுபோகும் ஒரே கட்டுரை பெரும்பாலும் வேலையைத் தீர்மானிக்கிறது. புள்ளியியலில், நீளம், பரப்பு போன்ற அளவுகளைப் பொதுமைப்படுத்தும் அளவைக் கோட்பாட்டின் மேல் எழுப்பப்பட்ட நிகழ்தகவு முதலில் ஆளை வாட்டும். உயிரிப்புள்ளியியலோ பெரும்பாலும் பொதுச் சுகாதாரப் பள்ளிகளில் இருப்பதால் மருத்துவர்களோடும் மருந்துச் சோதனைத் தரவுகளோடும் பழக மனம் வேண்டும்.

பண விவரத்தில்தான் ஏமாற்றம். ஒரு கடிதத்தில் இருந்த தொகை 9 மாதத்துக்கு, மற்றொன்றில் 12 மாதத்துக்கு; நிலையத்தார் இரண்டையும் ஆண்டுத் தொகையாகவே எடுத்துக்கொண்டு ஒப்பிட்டார்கள், நான் சொன்ன பிறகே திருத்தினார்கள். அதைவிடப் பெரிய பிழை, உயிரிப்புள்ளியியல் கடிதத்தில் குறிப்பிட்டிருந்த பயிற்சி நிதியைக் கவனிக்காமல் விட்டது. அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகங்கள் தரும் அவ்வகை நிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது. மலேசியக் கடப்பிதழோடு போகிறவனுக்குக் கிடையாது. மகனே வீட்டில் படித்துக் கண்டுபிடித்துத் துறைக்கு எழுதினான். ஆய்வு உதவியாளர் பணியாக மாற்றித் தருவதாக அதன் பிறகே பதில் வந்தது. 600 ரிங்கிட் வாங்குகிறவர்கள் கடிதத்தைக் கடைசி வரி வரை படிக்க வேண்டாமா?

ஏப்ரல் 11 அன்று மகன் புள்ளியியலுக்குச் சம்மதம் அனுப்பினான். போக விரும்புவோர் மூத்த ஆலோசகரையே கேட்டு நேரம் வாங்குங்கள், இளைய ஊழியர்களுக்கு இளங்கலைச் சேர்க்கை மட்டுமே பழக்கம்.