‘ஹவுண்ட் டாக்’: தார்ன்டனா, எல்விஸா?

ஜெர்ரி லீபரும் மைக் ஸ்டோலரும் எழுதிய ‘ஹவுண்ட் டாக்’ (வேட்டை நாய்) பாட்டை முதலில் பாடியவர் அமெரிக்க ப்ளூஸ் பாடகி பிக் மாமா தார்ன்டன். 1952-ல் பதிவாகி, 1953-ல் வெளிவந்தது. தன்னிடம் ஒட்டிக்கொண்டு வாழப் பார்க்கும் ஆணைப் படியேற விடாமல் துரத்தும் பெண்ணின் பாட்டு அது. தாளத்தில் அவசரமே இல்லை. அவர் ஒரு வரியை உறுமி முடித்ததும் பீட் லூயிஸின் கிதார் எதிர்ப்பேச்சு பேசும். கடைசியில் குழுவே நாய்போல் குரைத்து ஊளையிடும். இன்றைக்குக் கேட்டாலும் சிலிர்க்கிறது.

ராக் அண்ட் ரோல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 1956 ஜூலையில் நியூயார்க்கில் பாடியது ஒரே பாய்ச்சல். டி.ஜே. ஃபான்டானாவின் டிரம்ஸ் படபடவென வெடிக்கும். அமெரிக்காவில் 11 வாரம் முதலிடம். ஆனால் வரிகள் மாறி, முயல் பிடிக்கத் தெரியாத நாயின் கதையாகிவிட்டது. அந்தப் பெண்ணின் கோபம் எங்கே?

ஆடுவதற்கு எல்விஸ். ராத்திரி தனியாக உட்கார்ந்து கேட்க எனக்குத் தார்ன்டன்தான்.