ஹாட்ரிக் பிளேயர் சந்தை: ஆட்டம் சூப்பர், ஏலம் மட்டும் நடுராத்திரியில

ஹாட்ரிக்னு ஒரு ஆன்லைன் ஃபுட்பால் மேனேஜர் கேம் இருக்கு, பந்தை நாம உதைக்க மாட்டோம், டீமை நடத்துறதுதான் நம்ம வேலை. நம்ம பக்கம் ஆடுறவங்க ரொம்ப கம்மி, அதனால தெரியாதவங்களுக்கு மொதல்ல கொஞ்சம் சொல்லிடுறேன். 1997ல ஸ்வீடன்ல ஆரம்பிச்சது. கிராஃபிக்ஸ்னு சொல்லிக்க பெருசா ஒண்ணும் கிடையாது, பிரவுசர்லயே ஆடலாம், மேட்ச் எழுத்துலதான் ஓடும், யாரு அடிச்சா யாரு தடுத்தான்னு நிமிஷம் போட்டு வரி வரியா வரும், அதை உக்காந்து படிக்கணும். ஒரு லீக்ல 8 டீம், 16 வாரம் ஒரு சீசன், அதுல வாரத்துக்கு ஒண்ணா 14 லீக் மேட்ச். என் பையன் ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு "என்னப்பா, எக்ஸாம் ரிசல்ட் பாக்குறியா"ன்னு கேட்டான்.

ஆனா ஒரு தடவை உள்ள போயிட்டா விட முடியாது. முக்கிய காரணம், இதுல காசு கட்டி ஜெயிக்க முடியாது. சப்போர்ட்டர்னு ஒரு சந்தா இருக்கு, அதுக்கு புள்ளிவிவரம், டீம் லோகோ மாதிரி வசதியெல்லாம் வரும், ஆனா கோல் வராது. டாப் லெவன்னு இதே மாதிரி இன்னொரு மேனேஜர் கேம் ஆடிப் பாத்தவங்களுக்கு இந்த அருமை தெரியும், அதுல ஏலத்துல கை தூக்கவே டோக்கன் வேணும், டோக்கன் தீந்துடுச்சுன்னா விளம்பரம் பாக்கணும் இல்ல பர்ஸை திறக்கணும். ஹாட்ரிக்ல அந்த தொல்லையே இல்ல, சேத்து வச்ச கேம் காசு எவ்வளவோ அவ்வளவுதான் நம்ம பலம்.

இந்த ரிவ்யூ மொத்த கேமுக்கும் இல்ல, அதோட பிளேயர் சந்தைக்கு மட்டும். ஏன்னா இந்த கேம்ல ஆட்டம் பாதி, சந்தை பாதி. சில பேருக்கு சந்தைதான் முக்கால்வாசி.

சந்தை எப்படி நடக்குதுன்னா, ஒரு பிளேயரை விக்கணும்னா ஆரம்ப விலை போட்டு லிஸ்ட்ல விடுவீங்க. விட்டது விட்டதுதான், மனசு மாறி திரும்ப எடுக்க முடியாது. அந்த நிமிஷத்துல இருந்து சரியா மூணு நாள் ஏலம், உலகத்துல எந்த நாட்டுக்காரனும் கேக்கலாம். ஒவ்வொரு தடவையும் முந்தின விலைக்கு மேல குறைஞ்சது 2 சதவீதம் ஏத்தணும். இதுல முக்கியமான விஷயம் கடைசி மூணு நிமிஷம். அதுக்குள்ள யாராவது கேட்டா கடிகாரம் இன்னும் மூணு நிமிஷம் தள்ளிப் போகும். அடுத்தவன் கேட்டா இன்னொரு மூணு. யாரும் கேக்காம மூணு நிமிஷம் போனாத்தான் முடியும். நம்ம ஊர் கோயில் ஏலத்துல "ஒரு தரம், ரெண்டு தரம்"னு இழுப்பாங்களே, மூணாவது தரம் சொல்றதுக்குள்ள யாரோ ஒரு கவுண்டர் கை தூக்குவாரு, மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கும், அதே கதைதான்.

இதை யோசிச்சவனுக்கு ஒரு சபாஷ். ஈபேன்னு ஆன்லைன் ஏல சைட் இருக்கே, அதுல பாருங்க, நேரம் முடிஞ்சா முடிஞ்சதுதான், அதனால எல்லாரும் கடைசி ரெண்டு செகண்டு வரைக்கும் பதுங்கி இருந்து டப்புன்னு ஒரு விலையை போட்டுட்டு போயிடுவானுங்க, யாருக்கு நெட் வேகமோ அவனுக்கு பொருள். ஹாட்ரிக்ல அந்த வித்தை செல்லாது, யாருக்கு உண்மையிலேயே வேணுமோ அவன் கடைசி வரைக்கும் நிக்கலாம்.

நிக்கலாம், முழிச்சிருந்தா!

போன சீசன்ல ஒரு 17 வயசு பிளேமேக்கர் மேல கண்ணு வச்சேன். இந்த கேம்ல ஒரு வயசுன்னா 112 நாள், அதனால 17 வயசும் நாலு நாளும் ஆன பையனுக்கும், 17 வயசும் நூறு நாளும் ஆன பையனுக்கும் விலையில மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், சின்னவனுக்குத்தான் டிரெய்னிங் சீக்கிரம் ஏறும். இவன் 17 வயசு ஆறு நாள். டெட்லைன் நம்ம நேரத்துக்கு ராத்திரி 12:40. வீட்ல எல்லாரும் தூங்கியாச்சு, நான் போர்வைக்குள்ள போன் வெளிச்சத்தை குறைச்சு வச்சுக்கிட்டு காத்திருக்கேன். கேம் காசுல 18 லட்சத்துல இருந்தான். 12:38க்கு நான் ஒண்ணு போட்டேன். 12:40க்கு எதிராளி. அப்புறம் நான், அப்புறம் அவன், ரெண்டு பேரும் அந்த 2 சதவீதத்தையே பிடிச்சுக்கிட்டு ஏறுறோம், ஒவ்வொரு தடவையும் கடிகாரம் பின்னாடி போகுது, பதினஞ்சு தடவை இப்படியே போச்சு. 24 லட்சத்தை தாண்டினப்ப மணி 1:20. வீட்டம்மா புரண்டு படுத்து "யாருகிட்டங்க இந்நேரத்துல சாட்டு"ன்னு கேட்டா. ஃபுட்பால் பிளேயர் வாங்குறேன்னு சொன்னேன், அது பொய் சொல்றத விட மோசமா கேட்டுச்சு. போனை வச்சுட்டேன். பையன் போயிட்டான்.

அப்புறம் பொறுமையா உக்காந்து கணக்கு போட்டப்பதான் விஷயம் புரிஞ்சுது. மூணு நாள் ஏலம்ங்கிறதால, லிஸ்ட் பண்ண அதே மணிக்குத்தான் டெட்லைனும் வரும். இந்த கேம்ல பெரும் கூட்டம் ஐரோப்பாக்காரங்க. அவங்க சாப்பிட்டு முடிச்சு சோஃபால உக்காருற நேரம் ராத்திரி எட்டு மணின்னா, குளிர்காலத்துல நமக்கு 12:30, கோடைல 11:30. நல்ல விலை விழுறது அந்த நேரத்துலதான், அதுலயும் ஞாயித்துக்கிழமை ராத்திரின்னா இன்னும் நல்லா போகும். அப்படி ஞாயிறு ராத்திரி முடியணும்னா வியாழன் நடுராத்திரி முழிச்சிருந்து லிஸ்ட் பண்ணணும். நான் என்ன பண்ணினேன், ஞாயிறு மதியம் பிரியாணி சாப்பிட்டுட்டு ரெண்டு மணிக்கு ஒரு டிஃபெண்டரை லிஸ்ட்ல விட்டேன். முடிஞ்சது புதன் மதியம் ரெண்டு மணி, ஐரோப்பால எல்லாரும் ஆபீஸ்ல இருக்குற காலை நேரம். ஒரே ஒரு ஆள் கேட்டான், நான் வச்ச ஆரம்ப விலைக்கே தூக்கிட்டு போயிட்டான். அடுத்த வாரம் கிட்டத்தட்ட அதே வயசு, அதே ஸ்கில்ல இன்னொருத்தன், தூக்கத்தை கெடுத்துக்கிட்டு வியாழன் ராத்திரி விட்டேன், ரெண்டு மடங்குக்கு பக்கத்துல போனான். பிளேயருக்கு விலையா கடிகாரத்துக்கு விலையான்னு சந்தேகமே வந்துடுச்சு.

ஆட்டோ பிட்னு ஒண்ணு இருக்கு, இல்லன்னு சொல்லல. இவ்வளவு வரைக்கும் போகலாம்னு ஒரு உச்ச விலை குடுத்துட்டு தூங்கலாம், மிச்சத்தை கேமே பாத்துக்கும். நல்ல வசதிதான். ஆனா மனுசன் புத்தி இருக்கே, எதிர்ல முழிச்சிருக்குறவன் நம்ம உச்சத்தை தொடுற வரைக்கும் 2, 2 சதவீதமா தட்டிப் பாப்பான், தொட்டதும் ஒரு படி மேல போட்டு எடுத்துடுவான். காலைல எந்திரிச்சு பாத்தா, இன்னும் ஒரே ஒரு படி போட்டிருந்தா கிடைச்சிருக்குமேன்னு நமக்கு மனசே ஆறாது.

அப்ப என்ன மாத்தலாம்? என் சித்தப்பா பொள்ளாச்சி சந்தைக்கு மாடு வாங்கப் போவாரு. அங்க தரகர் கையில துண்டை போட்டு மூடி, உள்ள விரலை பிடிச்சுத்தான் விலை பேசுவாங்க, பக்கத்துல நிக்கிறவனுக்கு ஒரு எழவும் தெரியாது. அது மாதிரி கடைசி கட்டம் மட்டும் மூடின ஏலமா இருந்தா என்ன? மூணு நாள் திறந்த ஏலம், டெட்லைன்ல மேல நிக்கிற ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு கடைசி விலையை முன்கூட்டியே மூடி குடுத்து வச்சிருக்கணும், எது அதிகமோ அதுக்கு பிளேயர், கதை முடிஞ்சது. 40 நிமிஷ இழுபறி கிடையாது. ஐபிஎல்ல 2024 நவம்பர் ஏலத்துல பாத்திருப்பீங்களே, ரிஷப் பண்ட்டை லக்னோ 20.75 கோடிக்கு கேட்டாங்க, அவரோட பழைய டீம் டெல்லி, அதே விலைக்கு திரும்ப எடுத்துக்குற ஆர்டிஎம் கார்டை எடுத்தாங்க, உடனே லக்னோவுக்கு கடைசியா ஒரே ஒரு வாய்ப்பு, ஒரே தாவா 27 கோடிக்கு போனாங்க, டெல்லி கையை விரிச்சிட்டாங்க. ஒரே தடவைதான் சொல்லலாம்னா மனுசன் மனசுல இருக்குற விலையை சொல்லிடுறான். 2 சதவீதமா நூல் விட்டுக்கிட்டு இருக்க மாட்டான்.

இன்னொரு யோசனையும் அடிபடும், எல்லா டெட்லைனையும் ஒரு நாளைக்கு நாலு நேரத்துல கட்டிப் போட்டுடலாம்னு. கேக்க நியாயமா இருக்கும், எனக்கு பிடிக்கல. இப்ப ஒருத்தன் கை நழுவிப் போனா பத்து நிமிஷம் கழிச்சு முடியுற அடுத்தவனுக்கு கேக்கலாம். எல்லாம் ஒரே நேரத்துல முடிஞ்சா அந்த வழி அடைஞ்சிடும், பயத்துல மூணு பேருக்கு கேட்டு வச்சு மூணு பேரும் தலையில விழுந்தா காசுக்கு எங்க போறது? கேட்ட விலையை வாபஸ் வாங்க முடியாதுங்க இதுல. அதுக்கு பதிலா டெட்லைன் மணியை விக்கிறவன் கையில விட்டாலே போதும், மூணு நாள் கழிச்சு எந்த மணிக்கு வேணும்னாலும் முடியட்டும். நான் மத்தியானம் லிஸ்ட் பண்ணிட்டு ஐரோப்பாக்காரன் நேரத்துக்கு முடிச்சுக்குவேன். பெரிய புரட்சியெல்லாம் வேணாம், மணி போடுறதுக்கு ஒரு கட்டம் சேத்தா போதும்.

ஏன் ஏலமே வேணும், ரெண்டு பேரும் பேசி ஒரு விலைக்கு கை மாத்திக்க கூடாதான்னு புதுசா வர்றவங்க எல்லாரும் கேப்பாங்க. கூடாது. விட்டா ஒரே ஆள் நாலு டீம் வச்சுக்கிட்டு நல்ல பிளேயரையெல்லாம் ஒரு டீமுக்கு ஒரு ரூபாய்க்கு வித்துடுவான். கேம் மாஸ்டர்னு ஆளுங்க இருக்காங்க, அளவுக்கு மீறின விலையில கை மாறினா விசாரிச்சு தண்டனை குடுப்பாங்க. திறந்த ஏலம்ங்கிறதுதான் அவங்களுக்கே பாதி வேலையை குறைக்குது. என் மூடின ஏலத்துலயும் இதுதான் ஓட்டை, ரெண்டு கூட்டாளிங்க மேல நின்னுட்டாங்கன்னா என்ன பண்றதுன்னு. அதுக்குத்தான் மூடின விலை திறந்த ஏலம் நின்ன இடத்துக்கு கீழ போக கூடாதுன்னு வைக்கணும்.

கமிஷன் விஷயத்துல எனக்கு முழு திருப்தி. வாங்கினவனை உடனே வித்தா ஏஜென்ட் கமிஷன் ஜாஸ்தி, நாள் ஆக ஆக குறையும். காலைல மலிவா வாங்கி ரெண்டு நாள்ல லாபத்துக்கு தள்ளுற டே ட்ரேடிங் கும்பலுக்கு வச்ச செக் இது. அதோட பையனை வளத்து விட்ட மதர் கிளப்புக்கு அவன் எப்ப வித்தாலும் 2 சதவீதம் போயிடும். நிஜ ஃபுட்பால்லயும் இப்படி ஒண்ணு இருக்கு, 12ல இருந்து 23 வயசு வரைக்கும் வளத்த கிளப்புங்களுக்கு டிரான்ஸ்பர் தொகையில 5 சதவீதம் பிரிச்சு குடுக்கணும்னு ஃபீஃபா விதி. எட்டு சீசன் முன்னாடி நான் சல்லிசா வித்த ஒரு விங்கர் எங்கயோ ஒரு நாட்டுல கை மாறும்போதெல்லாம் எனக்கு அஞ்சாயிரம், பத்தாயிரம்னு வந்துக்கிட்டு இருக்கு. வெளிநாட்டுக்கு போன பையன் பணம் அனுப்புற மாதிரி ஒரு சந்தோஷம்.

வாங்கும்போது வெளிநாட்டு பிளேயருக்கு சம்பளம் 20 சதவீதம் ஜாஸ்தின்னு ஞாபகம் வச்சுக்கங்க, அப்புறம் பேர் பக்கத்துல காயக் குறி இருக்கான்னு பாத்துட்டு கேளுங்க. நான் ஒரு கீப்பரை "அட, இவ்வளவு மலிவா"ன்னு துள்ளிக் குதிச்சு வாங்கினேன், மறுநாள் பாத்தா ஆள் ஆறு வாரம் கட்டில்ல. அது கேம் தப்பு இல்ல, சிவப்பு சிலுவை கண்ணுக்கு முன்னாடியேதான் இருந்துச்சு, நான்தான் தூக்கக் கலக்கத்துல பாக்கல.

மார்க்னா சந்தைக்கு அஞ்சுக்கு மூணரை. டெட்லைன் மணியை மட்டும் மாத்தினா நாலரை போடுவேன். என்னை இதுக்குள்ள இழுத்து விட்ட ஆபீஸ் நண்பர் இப்ப ஆடுறதில்ல, கைக்குழந்தை வந்தப்ப விட்டுட்டாரு. போன மாசம் பாத்தப்ப சொன்னாரு, குழந்தை இப்பவும் ராத்திரி பன்னெண்டரைக்கு எந்திரிச்சுடுதாம், எப்படியும் முழிச்சுத்தான் இருக்கோம், திரும்ப ஆரம்பிக்கலாமான்னு யோசிக்கிறாராம்.