லெட்யூஸ் நாற்றுக்கு ஏற்ற இடம்: கிழக்கு ஜன்னலா, வானவெளியா, பட்டாசல் விளக்கா?

குளிர்நாட்டார் வசந்தத்தின் தொடக்கத்தில், சாலட்டில் பச்சையாக உண்ணும் லெட்யூஸ் கீரையின் விதையை வீட்டுக்குள் விதைப்பது, வெளியே உறைபனி இன்னும் விலகவில்லை என்பதால். திருநெல்வேலிப் பக்கத்தில் அதே மாசி, பங்குனியில் நாம் நாற்று வளர்க்கும் குழித்தட்டை உள்ளே தூக்கிவருவது வெயிலுக்குப் பயந்து. இந்த வேறுபாட்டை எண்ணாமல் அவர்களுடைய முறையை அப்படியே இங்கே செய்துபார்த்து, இரண்டு ஆண்டுகள் விதையை வீணாக்கியவன் நான். அதனால்தான் நம் வீடுகளில் கிடைக்கும் கிழக்கு ஜன்னல், வானவெளி (கூரையில்லாத நடுமுற்றம்), பட்டாசல் (வீட்டின் கூடம்) என்ற மூன்று இடங்களையும் முதலில் வெப்பத்தையும் அதற்குப் பிறகே வெளிச்சத்தையும் வைத்து எடைபோடுகிறேன்.

லெட்யூஸ் விதை 15 முதல் 20 டிகிரி செல்சியஸில் சீராக முளைக்கும். மண்ணின் வெப்பம் 30 டிகிரியை நெருங்கினால், பெரும்பாலான ரகங்களில் விதை உயிரோடு இருந்தும் முளைக்காமல் உறங்கிவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் விதை பழையது என்று முடிவுகட்டுவோர் பலர். நனைத்த காகிதத்தில் விதையை மடித்து, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்திருந்து, மாலையில் விதைத்தால் இந்தத் தடை பெரும்பாலும் நீங்குகிறது. ஆழமாகப் புதைக்கவும் கூடாது. பல ரகங்களுக்கு முளைக்கும்போதே வெளிச்சம் வேண்டும் என்பதால், மக்கிய தென்னை நார்க்கழிவை மேலே லேசாகத் தூவினால் போதும்.

முளைத்த பிறகுதான் இடம் முக்கியமாகிறது. கிழக்கு ஜன்னலில் காலை வெயில் பத்து மணிவரை நன்றாகவே விழும். அதன் பிறகு நாள் முழுவதும் அரைவெளிச்சமும், சுவர் விடும் சூடும்தான். வெளிச்சம் குறைந்து வெப்பம் கூடும்போது நாற்று நெடுநெடுவென்று வளர்ந்து துவண்டுவிடுகிறது. நான் ஜன்னலில் வைத்த தட்டில், ஐந்தாம் நாளே விதையிலைக்குக் கீழே உள்ள தண்டு நூல்போல் வெளுத்து நீண்டு, எல்லா நாற்றும் கம்பியை நோக்கிச் சாய்ந்து கிடந்தன. தெற்கு ஜன்னலே சிறந்தது என்ற குளிர்நாட்டு அறிவுரையும் இங்கே பொருந்தாது. நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது டிகிரிகூட விலகாத நம் ஊரில், பங்குனி நண்பகலில் சூரியன் ஏறத்தாழ உச்சிக்கு வந்துவிடுவதால், தெற்கு ஜன்னலுக்குள் அப்போது நேர்வெயில் நுழைவது அரிது.

பழைய வீட்டின் வானவெளியைப் பற்றி எனக்கு உயர்ந்த எண்ணம் உண்டு. நாற்புறமும் நிழலும், மேலிருந்து நேராக இறங்கும் வெளிச்சமும் இருப்பதால் தண்டு குட்டையாகத் தடித்து நிற்கும். கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழியில் விதைப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எதுவும் இல்லை. ஆனால், மாசி பிற்பகுதியில் பாளையங்கோட்டையில் பகல் வெப்பம் 35 டிகிரியை ஒட்டிச் செல்கிறது. உச்சிவெயில் இரண்டு மணி நேரம் தட்டின்மேல் விழுந்தாலே குழியில் உள்ள சிறிதளவு மண் காய்ந்து, இளம் வேர் வெந்துவிடும். 50 சதவீத நிழல்வலை கட்டினால் சேதம் குறையுமே தவிர, காற்றின் சூடு குறைவதில்லை.

எனவே, மாசியில் விதைப்பதானால் பட்டாசலின் உட்புறச் சுவரோரம், தரையை ஒட்டி, விளக்கின் கீழ் வளர்ப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். இருபது வாட் எல்.இ.டி. குழல்விளக்கு இரண்டை, நாற்றின் நுனிக்கு 15 சென்டிமீட்டர் மேலே, இரண்டு தட்டுகளுக்குப் பொதுவாகத் தொங்கவிட்டு, நாற்று உயர உயர விளக்கையும் ஏற்றவேண்டும். நாளொன்றுக்கு 16 மணி நேரம் எரித்தாலும், 25 நாளில் 16 யூனிட் மின்சாரமே செலவாகும். மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் தண்டு உறுதிப்படுவதோடு, மண்ணின் மேற்பரப்பும் உலர்ந்து, நாற்றழுகல் நோய் குறைகிறது.

மூன்று இடங்களிலும் நாற்றைக் கொல்வதில் நாற்றழுகலுக்கே முதலிடம். அடித்தண்டு நீரில் ஊறியதுபோல் சுருங்கி, காலையில் நாற்று படுத்துக்கிடக்கும். விளக்கின் கீழ் ஆவியாதல் குறைவு என்பதால், கைப்பழக்கத்தில் இருவேளையும் தண்ணீர் தெளிப்பது இங்கேதான் அதிகத் தீங்கு செய்யும். நான் தட்டைத் தூக்கிப்பார்த்து, கனம் குறைந்திருந்தால் மட்டுமே, தட்டின் அடியில் தண்ணீர் ஊற்றி உறிஞ்சவைக்கிறேன். உப்பேறிய போர்த் தண்ணீரில் இலையோரம் கருகும். தாமிரபரணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

நான்கு அல்லது ஐந்து இலை விட்டதும், விளக்கில் வளர்ந்த நாற்றை உடனே வெளியே நட்டுவிடக் கூடாது. ஒரு வாரம் தார்சாவில் (முன்தாழ்வாரத்தில்) காலை வெயிலை மட்டும் காட்டிப் பழக்கி, பொழுது சாய்ந்த பிறகு நிழல்வலையின் கீழ் நட்டால் வாடாமல் வேர்பிடிக்கிறது. பங்குனி கடந்தால் பூந்தண்டு எழுந்து இலை கசக்கத் தொடங்கிவிடும் என்பதால், கொண்டை கட்டும் ரகத்துக்குக் காத்திராமல், இலை இலையாக ஒடிக்கும் ரகத்தை விதைப்பதே இந்தப் பருவத்துக்கு ஏற்றது.